ரப்பருக்கு வைத்த எண்ணெய்

முதல் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகைக்குள் போய்த் தார்ப்பாயை விலக்கினால், நனைந்த கோணிப்பையும் பழைய பெட்ரோலும் பூஞ்சையும் சேர்ந்த ஒரு வாடை குப்பென்று முகத்தில் அடிக்கும். சில பேருக்குச் சின்ன வயது என்றதும் மல்லிகைப்பூவும் மாம்பழமும் மணக்கிறதாம். எனக்கு இந்த நாற்றம்தான் வருகிறது, என்ன செய்ய. அது ஒரு காரின் நாற்றம். சாதாரணக் கார் இல்லை; தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும், துணிக்கூரை போட்ட, இரண்டே பேர் உட்காரக்கூடிய, எந்தக் காலத்திலோ வெளிநாட்டில் செய்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். செங்கல்பட்டில் ஓட்டு வீட்டில் குடியிருந்த ஒரு டிரைவர் குடும்பத்துக்கு அப்படி ஒரு வண்டி எப்படி வந்தது என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடலைப் பார்த்த ஒரு பங்களா இருந்தது. அதன் முதலாளியிடம் அப்பா வெகுகாலம் டிரைவராக இருந்தார். முதலாளியின் உறவுக்காரர்கள், நண்பர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் என்று வாரம் தவறாமல் யாரையாவது ஏற்றிக்கொண்டு அந்தக் கடற்கரைச் சாலையில் போவதும் வருவதும்தான் அப்பாவின் வேலை. கடைசியில் முதலாளி பங்களாவை விற்றுவிட்டு மகனோடு இருக்க வெளிநாடு புறப்பட்டபோது, உப்புக்காற்றில் கிடந்து ஓடாமல் போயிருந்த இந்த வண்டியைக் காட்டி, "மாரி, இதை நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். லாரியில் கட்டி இழுத்து வந்து அதைத் தெருவில் இறக்கியபோது எதிர்வீட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இன்னா கஸ்தூரி, புருசனுக்கு ஒரு சீட்டு, ஒனக்கு ஒரு சீட்டு, பொண்ண இன்னா டிக்கில போட்டு மூடுவியா?"

"எம் பொண்ணு எம் மடில குந்திக்கும், ஒனக்கின்னா வந்துச்சி?" என்றாள் அம்மா. வாய் அப்படிப் பேசினாலும் முகமெல்லாம் சிரிப்பு.

அம்மா பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அச்சரப்பாக்கம் பக்கம் கழனி வேலைக்குப் போன வீட்டில் பிறந்தவள். கடலை அவள் அதுவரை பார்த்தது எப்போதோ ஒரு தரம், நெரிசலான பேருந்தின் ஜன்னல் வழியாக. அதனால் அவளுக்கு அப்பாவிடம் ஒரு தீராத வழக்கு உண்டு. "ஊரா பொண்டாட்டி புள்ளைங்களுக்கெல்லாம் கடல காட்டிகினு வர்ற, என்னிய எப்பய்யா இட்டுகினு போவ?" என்று சோறு போடும்போதெல்லாம் கேட்பாள். வண்டி வந்த பிறகு அந்த வழக்குக்கு ஒரு தீர்ப்பு கிடைத்துவிட்டது. இன்ஜினைச் சரி பண்ணியதும் முதல் ஓட்டமாகத் திருப்போரூர் போய், முருகன் கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை போட்டு, அங்கிருந்து கடற்கரைச் சாலையைப் பிடித்து மாமல்லபுரம் வரை அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போவது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இன்ஜின் சீக்கிரமே ஓடியது. மழைதான் பேஜார் பண்ணியது. கதவைச் சுற்றியும் முன்கண்ணாடியைச் சுற்றியும் துணிக்கூரை வந்து படியும் விளிம்பிலும் இருந்த ரப்பர், அப்பா அதற்கு "பீடிங்" என்பார், முழுக்க இற்றுப்போயிருந்தது. விரலால் தொட்டால் கரித்தூளாக உதிரும். மழை வந்தால் வெளியே பெய்கிற அளவு உள்ளேயும் பெய்யும். அம்மா கூரை ஒழுகும் வீட்டில் வைப்பதுபோல சீட்டின்மேல் ஒரு குண்டானும் கீழே ஒரு வாளியும் வைத்துவிட்டு வருவாள். காலுக்கடியில் இருந்த விரிப்பு ஊறி, பூஞ்சை பிடித்து, அந்த நாற்றம் உண்டானது. அம்மாவுக்கோ இழுப்பு நோய். ஆசையாக ஒரு நாள் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவள், மறு நொடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து சுவரோரம் குந்திவிட்டாள். அன்று அவளுக்கு மூச்சு சீராவதற்குள் பொழுதே போய்விட்டது. அப்பா விரிப்பைப் பிடுங்கி எறிந்தார், வெயிலில் காயவைத்தார், சாம்பிராணி போட்டார். அடுத்த மழைக்குப் பழையபடி ஆனது. பீடிங் மாற்றாமல் அம்மா இந்த வண்டியில் ஏற முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகு அப்பா அலைந்த அலைச்சல் இருக்கிறதே! பழைய பீடிங்கில் ஒரு துண்டை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாடகைக் கார் ஓட்டிச் சவாரி போகிற ஊரிலெல்லாம் கடை கடையாகக் காட்டினார். பஸ் கண்ணாடிக்குப் போடும் ரப்பரை வாங்கிவந்து திணித்துப் பார்த்தார், கதவு மூடவில்லை. பழைய ஃபிரிட்ஜ் கதவிலிருந்து ஒரு ரப்பரை உரித்துவந்து ஒட்டினார், கதவு மூடியது, தண்ணீர் அதன் பாட்டுக்கு வந்தது. துவைக்கும்போது அம்மா சட்டைப்பையிலிருந்து அந்தக் கறுப்புத் துண்டை எடுத்து ஜன்னலில் வைப்பாள், மறுபடி மறக்காமல் மறுநாள் சட்டையில் போட்டு அனுப்புவாள். கடைசியில் சென்னையில் ஒரு ரப்பர் கடைக்காரர், மாதிரித் துண்டைப் பார்த்து அதே வடிவில் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார்.

புது பீடிங் வந்த நாள் எங்கள் வீட்டில் நல்ல நாள்போல இருந்தது. அப்பா பழைய ரப்பரையும் காய்ந்த பசையையும் கத்தியால் சுரண்டி, இரும்பை உப்புத்தாளால் தேய்த்து, பஞ்சருக்குப் போடும் "சொல்யூஷன்" தடவி, பீடிங்கைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் கதவைச் சுற்றி ஒட்டிக்கொண்டே வந்தார். மூலைகளில் சாய்வாக வெட்டிப் பொருத்தினார். எல்லாம் முடிந்து முதன்முறையாகக் கதவைச் சாத்தியபோது, அதுவரை தகர டப்பா மாதிரி அடித்துக்கொண்டிருந்த கதவு, தலையணையில் கை வைத்ததுபோல அடங்கி மூடியது. அம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "வர்ற வெள்ளிக்கெழம போலாம், அதுவரிக்கும் நல்லா ஒட்டட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா திருப்பதி சவாரிக்குக் கிளம்பிப் போனார்.

இனி நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு மனசு வரவில்லை. நம் வீடுகளில் புதிதாக எது வந்தாலும் எண்ணெய் வைத்துத்தான் பழக்குவோம். புது தோசைக்கல்லுக்கு எண்ணெய், புதுத் தோல் செருப்புக்கு எண்ணெய், குக்கரின் ரப்பர் வளையம் வெடிக்காமல் இருக்க அதற்கும் ஒரு சொட்டு எண்ணெய். அம்மாவுக்கு அந்தப் பீடிங் தங்கத்தைவிட மேல். பழைய ரப்பர் காய்ந்து காய்ந்துதானே உதிர்ந்தது, இதுவும் அப்படிக் காய்ந்துவிடக் கூடாது என்று அவள் நினைத்திருக்கிறாள். ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு, அப்பா ஊரில் இல்லாத அத்தனை நாளும் காலையிலும் மாலையிலும் பீடிங் முழுக்க, எனக்குத் தலையில் தேய்ப்பதுபோலப் பதமாகத் தேய்த்தாள். "பாரு, எப்படி மினுமினுன்னு கீது!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை அப்பா வந்து கதவைத் திறந்தபோது ரப்பர் தண்ணீரில் ஊறிய சுண்டல் மாதிரி உப்பி, வெல்லப்பாகுபோல விரலில் பிசுபிசுத்தது. சொல்யூஷன் விட்டுப்போய், பீடிங் கதவிலிருந்து கழன்று தொங்கியது. கதவை அறைந்து பார்த்தார், தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார், மூடவே இல்லை. விஷயம் தெரிந்ததும் தெருவே கேட்கும்படி கத்தினார்.

"யாருடி ஒன்ன இதுல கை வைக்கச் சொன்னது? ஒங் கை பட்டா எதுனா வெளங்குமா?"

ஊர்ப்பிள்ளைகளையெல்லாம் தூக்கி வளர்க்கிற கை அது. அம்மா உள்ளே போய் சோப்பு எடுத்துவந்து, அந்த ரப்பரை ஒருதரம் கழுவிப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு என்னிடம், "நா இனிமே அந்த வண்டில ஏறமாட்டேன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள். அப்பா ஒரு முழ தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான். "அப்பாவ சாப்ட வரச் சொல்லு." "அம்மாவ மருந்து குடிச்சாச்சான்னு கேளு." எனக்கே சலித்துப்போயிற்று. மன்னிப்புக் கேட்பதெல்லாம் எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு வராத சங்கதி. அப்பா பூ வாங்கி வந்தார், அது சாமி படத்துக்குப் போனது. கறி எடுத்து வந்தார், எங்கள் இரண்டு பேருக்கும் பரிமாறிவிட்டு அம்மா ரசம் ஊற்றிக்கொண்டாள். மறுபடி அந்த ரப்பர் கடைக்கே போய் இன்னொரு பீடிங்குக்குச் சொல்லிவிட்டு வந்து, "புதுசு சொல்லியிருக்கேன், வந்ததும் போலாம்னு அம்மாகிட்ட சொல்லு பாப்பா" என்றார், அம்மா காதில் விழும்படி. அம்மா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கிய பிறகு ஒரு நாள் சாயங்காலம், சட்டையைத் துவைக்க எடுத்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்து நேராகவே கேட்டுவிட்டாள். "ரப்பரு வந்துச்சா?"

அவ்வளவுதான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அடுத்த வாரம் வருது கஸ்தூரி" என்றார். அன்று இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த அடுத்த வாரம்தான் மழை விடாமல் அடித்தது. அம்மாவுக்கு இழுப்பு கண்டது. வழக்கமான மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முகமூடி வைத்தார்கள், ஊசி போட்டார்கள், பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார்கள். ஒரு மத்தியான வேளையில் அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது அழக்கூடத் தெரியவில்லை, பசித்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் அப்பா சென்னைக்குப் போய் பீடிங்கை வாங்கி வந்தார். யாரிடமும் பேசாமல் சுரண்டி, தேய்த்து, ஒட்டினார். அது நன்றாகப் பிடித்த பிறகு வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, டிரைவர் சீட்டில் ஏறாமல் இந்தப் பக்கம் வந்து அம்மா உட்கார வேண்டிய சீட்டில் உட்கார்ந்தார். "தண்ணி ஊத்து பாப்பா, எங்க ஒழுவுதுன்னு பாக்கறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் குடம் குடமாகக் கூரைமேலும் கண்ணாடிமேலும் ஊற்றினேன். கண்ணாடியில் வழிகிற தண்ணீருக்குப் பின்னால் அப்பாவின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. எங்கோ ஒழுகுகிறது, சொல்கிறார் போல என்று பயந்துபோய்க் கதவைத் திறந்தேன். அப்பா முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுகொண்டிருந்தார். "ஒரு சொட்டு வரல கஸ்தூரி, ஒரு சொட்டு உள்ள வரல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன்.

அப்பா அந்த வண்டியைப் பிறகு எடுக்கவே இல்லை. பழைய வண்டிகளைச் சேர்க்கும் யாரோ ஒருவர் வந்து கேட்டபோது கொடுத்துவிட்டார். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி வீடு நிற்கிறது. கடற்கரைச் சாலை அகலமாகி, இரண்டு பக்கமும் மதிலும் விடுதியுமாக ஆகிவிட்டது. காரில் மைல்கணக்கில் போனாலும் பல இடங்களில் கடல் தெரிவதில்லை. அம்மா பார்க்க ஆசைப்பட்ட அந்த வழி இன்று யாருக்கும் இல்லை.

அப்பா என்னோடு கூடுவாஞ்சேரியில் இருக்கிறார். போன மழைக்கு என் காரில் கதவு ரப்பரை மாற்றிக்கொண்டு வந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்தவர் கதவைத் திறந்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். "எண்ணெ கிண்ணெ வச்சிடாதம்மா" என்றார். நான் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு, இத்தனை காலத்தில் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அந்தக் கடக்காரன் அன்னிக்கே எங்கிட்ட சொல்லித்தான் குடுத்தான், எண்ணெ மட்டும் காட்டாதன்னு. நான் வூட்ல சொல்லாம சவாரிக்குப் பூட்டேன். எந் தப்ப அவ தலையில போட்டு கத்தனேன். அவளும் தன் தப்புன்னே நெனச்சிகினு பூட்டா."