கரையில் சொன்ன கனவு

வில்லியனூர் சந்தையில் மீன் விற்றுவிட்டு, காலி அன்னக்கூடையோடு பனித்திட்டு கரைக்கு வந்த ஜெயப்பிரியா அப்படியே நின்றுவிட்டாள். தம்பி ராஜ்கமலை மணலில் உட்கார வைத்து, பூசாரி வீரப்பன் வேப்பங்கொத்தால் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அதுவும் பின்மண்டையில். பைபர் போட் கரையேறும்போது அலை தூக்கிப்போட்டு, விளிம்பு இடித்த அதே இடத்தில்.

அடிபட்ட அன்று சிறிது நேரம் நினைவு தப்பியது. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் கனவு தொடங்கியது. போட் மேலே கவிழ்ந்து மூச்சு முட்டும், அலறிக்கொண்டு எழுவான். பகலில் காரணமில்லாமல் எரிந்து விழுவான், அப்புறம் அழுவான்.

அலை பார்த்து போட் இறக்குவதில் ஊரிலேயே அவனை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பிள்ளை செய்த ஒரே தப்பு, போட் கவிழ்கிற கனவைக் கரையில் வைத்து வாய்விட்டுச் சொன்னது. கரையில் சொன்னால் பலித்துவிடும் என்று, அப்படிச் சொன்னவனோடு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். போட்டுக்காரரான தாய்மாமன் தங்கராசுவே அவனைப் போட்டிலிருந்து இறக்கிவிட்டார்.

ஜெயப்பிரியா கூடையை வீசியெறிந்தாள். கொத்தைப் பிடுங்கினாள்.

"அடிபட்ட மண்டையிலயே அடிக்கிறியே, அறிவிருக்கா?"

"காத்து பட்டிருக்கு பாப்பா. நீ தள்ளு," என்றார் வீரப்பன்.

"காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. முந்தாநாள் வேற டாக்டர்கிட்ட அழச்சினு போனேன். மூள அதிர்ந்தா இந்த மாதிரி கனாவும் கோவமும் வருமாம். ஸ்கேன்ல தெரியாதாம். சரி பண்ணலாம்னாரு. ஆனா தலையில இன்னொரு அடி படவே கூடாதாம்!"

தங்கராசு முன்னால் வந்தார். "அதெல்லாம் சரிடி. கரையில சொல்லிட்டானே. எவன் அவன்கூட ஏறுவான்?"

"சுனாமிக்கு அப்புறம் நீ எத்தினி வருசம் தண்ணி வருது, தண்ணி வருதுன்னு தூக்கத்துல கத்தின மாமா? அத்த எங்கிட்ட சொல்லலன்னு நெனச்சியா? உன்ன எவன் வேப்பிலையால அடிச்சான்? உன் போட்டுல எவன் ஏறமாட்டேன்னான்?"

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களின் வீடுகளிலும் அந்தக் கத்தல் கேட்டதுதான். தங்கராசு கடலைப் பார்த்தார்.

"டாக்டர் சொல்றப்ப ஏறட்டும். அவன் எடத்துல வேற ஆள் போடல," என்று முனகினார்.

அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தம்பியின் முடியில் சிக்கியிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"நேத்தும் அந்தக் கனா வந்துச்சுக்கா," என்றான் அவன் மெதுவாக.

"சத்தமா சொல்லுடா. இங்கயே, இவங்க எதிர்லயே சொல்லு."

சொன்னான். முடிக்கும்வரை யாரும் எழுந்து போகவில்லை.