கட்டிலுக்கு அடியில் பதினோரு டின்

அந்த வரிசை வீடுகளில் அவளுக்குப் பெயர் எறும்பு. வைத்தவள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆவி பறக்கும் படுக்கை விரிப்புகளை நாளெல்லாம் மடித்துவிட்டு, சாயங்காலம் பையோடு அவள் படியேறும்போது, "எறும்பு வருது, வழி விடுங்கடி" என்று படியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். பையில் வீட்டுக்கு வேண்டியதோடு ஒரு சாமான் கூடுதலாக இருக்கும். ஒரு வாரம் கால் கிலோ பருப்பு, மறுவாரம் ஒரு பாக்கெட் உப்பு, சம்பள வாரமென்றால் இரண்டு கிலோ அரிசி. அதற்குமேல் அவளால் முடியாது. அதற்கான காசையும் பஸ்ஸில் போகவேண்டிய தூரத்தை நடந்துதான் மிச்சம் பிடித்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் சலவைக்கூடத்துப் பாய்லர் வெடித்து நாற்பது நாள் வேலை நின்றது. கணவன் பெயிண்டர். அது மழைக்காலம், ஈரச் சுவரில் எவன் பெயிண்ட் அடிப்பான்? இரண்டாவது வாரத்தில் டப்பாக்கள் எல்லாம் வாயைப் பிளந்தன. மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு டம்ளர் அரிசி கேட்டு, இரண்டாவது முறையாகத் தையல்காரி வாசலில் இவள் போய் நின்றாள்.

"நேத்துதானே வாங்கிட்டுப் போனே?" என்றாள் தையல்காரி, மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

அரிசி கொடுத்தாள்தான். ஆனால் பசி நாலு நாளில் மறந்தது, அந்தக் கேள்வி மறக்கவில்லை. இனி எவள் வாசலிலும் நிற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். பயந்து சேர்க்கிறவர்கள் உண்டு. இவள் கோபத்தில் சேர்த்தாள்.

மருத்துவமனைச் சமையற்கட்டில் தூக்கிப்போடும் எண்ணெய் டின்களை வாங்கி வந்து, சோடா போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்தாள். அரிசியை மொட்டைமாடியில் உலர்த்தி, வண்டு வராமலிருக்கக் காய்ந்த மிளகாய் நாலைப் போட்டு மூடினாள். வாங்கிய தேதியை ஆணியால் டின்னில் கீறினாள். பழையது முன்னால் வந்து உலைக்குப் போகும், புதியது பின்னால் போய் உட்காரும். கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியதில், ஏறிப் படுக்க மகளுக்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. இப்படியே பதினோரு டின் ஆயிற்று.

கணவன் தங்கமான மனிதர். வாய்க்குத்தான் பூட்டு கிடையாது. லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி மூன்றாவது வாரம், கடைகளில் அலமாரி துடைத்துவிட்ட மாதிரி கிடந்தபோது, டீக்கடையில் உட்கார்ந்து பெருமை அடித்தார்: "எங்க வீட்டுல மூணு மாசத்துக்குக் கவலையில்லை. எல்லாம் கட்டிலுக்கு அடியில இருக்கு."

பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர் தெருமுனை மளிகைக்கடைக்காரர். கடை முன்பக்கம் காலி, பின்னறையில் மூட்டை கூரையைத் தொட்டது. தெரிந்தவர்களுக்கு மட்டும், அதுவும் இரட்டை விலையில், விற்றார். மூன்று வாரமாக எறும்பு தன் கடைப் பக்கமே வராதது ஏன் என்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பதுக்கலைப் பிடிக்க அதிகாரிகள் தெருத்தெருவாக வந்துகொண்டிருந்த நேரம். தன் கடைக்கு வருமுன் வேறெங்காவது அனுப்பிவிட்டால் நல்லதுதானே?

மறுநாள் மத்தியானம் ஓர் அதிகாரியும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். அவளுக்கு அன்று வார விடுமுறை. செருப்போடு உள்ளே நுழைந்து, டின்களை இழுத்து நடையில் வரிசையாக வைத்தார்கள். வரிசை வீடு முழுக்கக் கூடிவிட்டது. மகள் முக்காலியில் நின்று அழுதாள்.

"மூணு பேருக்கு இவ்வளவு எதுக்கும்மா?" என்றார் அதிகாரி.

"திங்கறதுக்கு. வேற எதுக்கு?"

"ஊரே கடையில வரிசையில நிக்குது. நீ பதுக்கி வச்சிருக்கே."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. முன்னால் இருந்த டின்னை அவர் முகத்துக்கு நேரே தூக்கினாள்.

"தேதியைப் படிங்க சார். வாங்கி எட்டு மாசம் ஆச்சு. லாரி நின்னு எத்தனை நாள் ஆச்சு? இருபது நாள். நான் என்ன ஜோசியக்காரியா? முனைக்கடைப் பின்னறையைத் திறந்து பாத்தீங்களா? அங்க போனா டீ குடுப்பாங்க. இங்க செருப்போட நுழையலாம்!"

"மரியாதையாப் பேசும்மா."

"என் வீட்டுல நின்னுக்கிட்டு எனக்கா மரியாதை சொல்றீங்க?"

கணவன் அவள் கையைப் பிடித்தார். உதறினாள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல்காரி முன்னால் வந்தாள்.

"சார், மூணு வருஷமா ஒவ்வொரு சாயங்காலமும் இவ தூக்கிட்டு வர்றதை நாங்க பாக்கறோம். எறும்புன்னு பேரு வச்சதே நான்தான். வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"நானும் கேலி பண்ணியிருக்கேன் சார்," என்றாள் இன்னொருத்தி. "நானும்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மூன்று வருஷக் கேலி முழுக்க அன்றைக்குச் சாட்சியாக வந்து நின்றது. எறும்புக்கு அதிலும் ஆத்திரம்தான் வந்தது. இந்தச் சாட்சி சொல்லத்தான் இத்தனை நாள் சிரித்தீர்களா?

அதிகாரி பின்வாங்கினார். ஆனால் வெறுங்கையோடு போக மனமில்லை. விசாரணைக்கு என்று ஓர் அரிசி டின்னைத் தூக்கச் சொன்னார். அதில் பதினைந்து கிலோ இருந்தது.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். "நாளைக்கு வாம்மா" என்றார் குமாஸ்தா. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "என் அரிசியை எடுத்துட்டு வந்துட்டாங்க" என்று சத்தமாகச் சொன்னாள். மூன்று மணிக்குள் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். தொல்லை விட்டால் போதும் என்று டின்னைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூடியைத் திறந்தாள். மிளகாய் இருந்தது, அரிசி இறங்கியிருந்தது.

"நிறுங்க."

"என்னது?"

"உங்ககிட்டத் தராசு இருக்குல்ல? நிறுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் நிறுத்தார்கள். இரண்டு கிலோ குறைந்தது. யார் வீட்டு உலைக்குப் போனதோ! "இரண்டு கிலோ குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராமல் நகரமாட்டேன் என்றாள். அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். அந்த இரண்டு கிலோ கடைசிவரை வரவில்லை. முனைக்கடைக்காரரை யாரும் தொடவும் இல்லை.

டின்னைச் சுமந்துகொண்டு படியேறினாள். தையல்காரி வீட்டு அடுப்பு இரண்டு நாளாக எரியவில்லை என்று மகள் சொன்னாள். ஒரு சட்டி அரிசியை அள்ளிக்கொண்டு போய் மிஷின்மேல் ணங்கென்று வைத்தாள்.

"அக்கா..." என்று தையல்காரி எழுந்தாள்.

"ஒண்ணும் சொல்லாதே. தீர்ந்ததும் வந்து கேளு. 'நேத்துதானே வாங்கிட்டுப் போனே?'ன்னு நான் கேக்கமாட்டேன்."

தையல்காரியின் முகம் சுருங்கிப்போனது. சொன்னது தப்போ என்று எறும்பு வாசல்வரை வந்து யோசித்தாள். இல்லை, சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் லாரிகள் ஓடின. முனைக்கடையை விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த கடைக்கு நடந்தாள். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு கணவன் பின்னால் வந்தார். டீக்கடைப் பேச்சு காதுக்கு எட்டியதிலிருந்து அவரோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி வழியில் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"இன்னும் கோவமா இருக்கியா?"

"ஆமா," என்றாள். "பையை நேராப் பிடிங்க, ஓட்டை இருக்கு."