போயிட்டு வராதீங்க

சிங்காநல்லூரில் திருப்பூர் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைப் பெண்ணை அடையாளம் தெரிந்துவிட்டது. இந்தியாவுக்காகப் பேட்மிண்டன் ஆடுகிறவர். மெலிந்த உடம்பு, மடியில் ராக்கெட் பை.

"டிவியில பாத்திருக்கேனுங்க. ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்னாலயும் என்னமோ முணுமுணுக்கறீங்களே, மந்திரமுங்களா?" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். "அதெல்லாம் இல்லீங்க. ஊட்டுல யார் கெளம்புனாலும் 'போயிட்டு வாங்க'ன்னுதானுங்க சொல்லுவோம். பந்துகிட்ட மட்டும் 'போயிட்டு வராதீங்க'ன்னு சொல்லிப்போட்டு அடிப்பேனுங்க."

பந்துக்கும் 'ங்க' போடுகிறாரே என்று நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் வெளிநாட்டில் இறுதிப் போட்டி. குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. கடைசிப் புள்ளிக்கு அவர் உதடு அசைந்தபோது நானும் கூடவே சொன்னேன். எதிராளி பின்னால் ஓடிப் பாய்ந்தும் பந்து திரும்பி வரவில்லை. தங்கம்!

மரியாதையாகச் சொன்னால் கேட்காமல் போகுமா?