போனில் அழித்தேன், கம்ப்யூட்டரிலும் காணோம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். காலமான மூத்தவன் கப்பல் வேலையில் இருந்தபோது அனுப்பிய ஈமெயில்கள் எல்லாம் மானாம்பதி வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தன. போன மாதம் பேத்தி செல்வி அவற்றை ‘சர்வர்’ என்ற ஏதோ இடத்துக்கு மாற்றி, என் போனிலும் வரவைத்தாள். போனில் இடமில்லை என்று தெரிந்ததும் யாரையும் கேட்காமல் நானே அழித்தேன். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்ற தைரியம். பார்த்தால் அங்கேயும் இல்லை!

“இன்னாடி, இதுல அழிச்சா அதுல எப்படிப் போவும்?”

“இப்ப ரெண்டுமே ஒரே எடத்துலேர்ந்துதான் காட்டுது ஆயா. பயப்படாத, குப்பைத்தொட்டியில கீது.”

“எம்புள்ள கடுதாசி குப்பையிலயா?”

எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தாள். எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவளைக் கேட்காமல் எதையும் அழிப்பதில்லை.

“செல்வி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதுன இத்த படிச்சிக் காட்டுடி. அப்படியே அவன் கடுதாசியும் ஒண்ணு.”