சின்ன ஆட்கள் முதலில்

றெஜினா மிஸ் போய்விட்டார். அடம்பனில் அடக்கம் முடிந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்...

எங்கள் கல்லூரி நூலகத்தில் நிரந்தர நியமனம் இல்லாமலே பல வருடம் பதில் நூலகராக இருந்தவர். எனக்கு வேலை பழக்கியவர்.

அவர் வைத்த வழக்கம் ஒன்று. திங்கள் காலை, திரும்பி வந்த புத்தகங்கள் குவிந்திருக்கும் மேசையைச் சுற்றிக் கதிரைகளைப் போட்டு, பிளேன்டீயோடு ஒரு மீட்டிங். சின்ன வேலையில் இருப்பவர்தான் முதலில் பேச வேண்டும். மிஸ் கடைசி.

"நான் முதல்ல வாயைத் திறந்தா நீங்கள் எல்லாரும் 'ஓம் மிஸ்' எண்டுதான் சொல்லுவியள்" என்பார். பிறகு கை தூக்கச் சொல்வார். அவருக்கும் ஒரே வாக்குத்தான்.

பரீட்சைக் காலத்தில் ஏழு மணிவரை திறப்பதா என்று ஒருமுறை வாக்கெடுப்பு. கடைசி பஸ் போய்விடும் என்று மிஸ்ஸுக்கு விருப்பமில்லை. தோற்றுப்போனார். முதல் நாள் டியூட்டிக்கு வந்து நின்றதும் அவர்தான்.

"தோத்தவள்தானே துவங்கோணும்..." ஒரே சிரிப்பு. அந்த மாதம் நாங்கள் ஒருவரும் ஓவர்டைம் கேட்கவில்லை.

பிறகு நிரந்தர நூலகராக ஒரு சேர் வந்தார். பெயர் வேண்டாம். இதை வாசித்துக்கொண்டிருப்பார், வாசிக்கட்டும்.

வந்த கிழமையே மீட்டிங்கை நிறுத்தினார். "இது லைப்ரரி, மீன் சந்தை இல்லை. சொன்னதை மட்டும் செய்யுங்கோ."

மிஸ்ஸைப் புத்தகம் கட்டும் அறைக்கு அனுப்பினார். ஓய்வுபெற்ற நாளில் ஒரு பிரியாவிடைக்கும் அனுமதி தரவில்லை. கேக்கைக் கல்லூரிக் கேற்றுக்கு வெளியே வைத்து வெட்டினோம். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

சரி... சொன்னதை மட்டும் செய்தோம். மாரி மழைக்குக் கூரை ஒழுகி இரண்டு அலுமாரிப் புத்தகங்கள் ஊறிப்போயின. "ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கத்தினார்.

"நீங்க கேக்கவே இல்லையே சேர்" என்றார், கூட்டித் துடைக்கும் செல்வியக்கா.

அதே சேர் இன்று காலை பேஸ்புக்கில் மிஸ்ஸோடு நிற்கும் படம் போட்டு, "என் வழிகாட்டி" என்று எழுதியிருந்தார். லைக் குவிகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செத்தவீட்டில் மிஸ்ஸின் தம்பி, "லைப்ரரி ஆக்கள் ஆர் பேசுறியள்?" என்று கேட்டதும், முன்வரிசையில் இருந்து சேர் எழும்பினார். கையில் உரை. "நான் துவங்கிறன்."

"சேர், மிஸ்ஸின்ர வழக்கம் தெரியுந்தானே?" என்றேன். "சின்ன ஆக்கள் முதல்ல. நீங்கள் கடைசி. சம்மதமெண்டா எல்லாரும் கை தூக்குங்கோ."

தூக்கினார்கள்.

செல்வியக்கா பேசினார். வாட்ச்சர் பேசினார். கவுண்டர் பிள்ளைகள் பேசினார்கள்... மீட்டிங்கை நிறுத்திய கதையும் வந்தது, கேற்றுக்கு வெளியே வெட்டிய கேக்கின் கதையும் வந்தது. என் முறை வந்தபோது பேச்சை நீட்டினேன். ஓம், வேண்டுமென்றேதான்.

பாதர் வந்து மணிக்கூட்டைப் பார்த்தார். "காணும், நிப்பாட்டுங்கோ பிள்ளையள், கோயில்ல பூசைக்கு நேரம் போகுது. பெட்டியை எடுப்பம்."

சேர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஒரு சொல்லும் பேசக் கிடைக்கவில்லை. எனக்கு மனம் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நாளைக்கு என்னிடம் விளக்கம் கேட்பார். கேட்கட்டும்.

போயிட்டு வாங்கோ மிஸ். எல்லாக் கையும் உயர்ந்தது. உரையைப் பிடித்திருந்த ஒரு கையைத் தவிர.