இடது பக்கத்துத் தண்ணி

மற்ற மீனவர்களைப் பற்றி 'போனார், வந்தார், பிடித்தார்' என்று சொல்லலாம். நீலமேகத்தைப் பற்றி 'நின்றார்' என்றுதான் சொல்லவேண்டும். ஐம்பது வருஷம் எண்ணூர் உப்பங்கழியில் படகில் நின்ற ஆள். முகத்துவாரக்குப்பத்துக் கரையிலிருந்து விடிகாலையில் பார்த்தால் படகு கண்ணுக்குத் தெரியாது. பனியும் புகையும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அதற்கு நடுவே தண்ணீர்மேல் ஒரு ஆள் மட்டும் வீசுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். இறால் அள்ளிக்கொண்டு வந்த நாளும் உண்டு, அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேறு மட்டும் வந்த நாளும் உண்டு. எது வந்தாலும் அவர் முகம் மாறாது. தண்ணீர்மேல் நிற்பது அவருக்குப் பிடிக்கும், மீன் அதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

எழுபத்தோராவது வயதில், மாசி மாதம், ஒரு காலையில் காப்பி டம்ளரோடு எழுந்தார். இடது கால் அவரோடு எழவில்லை. பக்கவாதம் என்றார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. கோணின வாய் நேரானது, கை திரும்பி வந்தது. கால் மட்டும் யாரோ விட்டுவிட்டுப் போன சாமானைப் போல அவர் பின்னாலேயே இழுபட்டு வந்தது. கோல் ஊன்றி நடந்தார். ஆனால் வீசுவலையை உட்கார்ந்துகொண்டு வீச முடியாது, கோலைப் பிடித்துக்கொண்டும் வீச முடியாது.

பங்குனி பிறந்ததும் ஆரம்பித்தார். "கழிக்குப் போறேன்."

அவர் பெண்சாதி வரலட்சுமி அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போ. போயி முழுகு. கரையில ஒக்காந்து வேடிக்க பாக்கறேன்."

திருவொற்றியூரில் ஒரு தெரபி சென்டர். மனுஷன் எவ்வளவு திடமாக நிற்கிறான் என்று நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் மெஷின் அங்கே இருந்தது. அறுபது வந்தால் கோலை விடலாம் என்று டாக்டர் வாய்விட்டுச் சொன்னதை வரலட்சுமி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அறுபது வந்தா படகு. வராம படகுல கால வெச்ச, கோல ஒடச்சி அடுப்புல சொருவிருவேன்."

"சரி, அறுபது," என்றார் நீலமேகம். சொன்ன சொல் மாறாத ஆள்.

அரிசி மூட்டை எடை போடுவார்களே, அந்த மாதிரி ஒரு பலகை. எதிரே டிவி. டிவியில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. பயிற்சி கொடுக்கிற பெண் நவ்ரீன், ராயபுரத்துக்காரி, கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"தாத்தா, அந்தப் புள்ளிதான் நீங்க. அசையாம நின்னா அது வட்டத்துக்குள்ளயே இருக்கும்."

"இவ்ளோதானா?"

நின்றார். புள்ளி வலப்பக்கம் போனது, இடப்பக்கம் வந்தது, வட்டத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தது. இருபத்துமூன்று.

"அசையக் கூடாது தாத்தா."

"நான் எங்கம்மா அசையறேன்? ஒன் புள்ளிதான் ஆடிகினு கீது."

ஓரத்து நாற்காலியிலிருந்து வரலட்சுமி சொன்னாள்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவரு மேல தப்பே இல்ல பாப்பா. அதையும் எழுதிக்க."

மூன்று வாரம் இதே கதை. இருபத்தாறு, இருபத்துநாலு. நவ்ரீன் ஒருநாள் டிவியைப் பார்க்காமல் அவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல காலும் ஆடுகிறது. ஒரே சீராக ஆடுகிறது. விழப்போகிறவன் ஆட்டம் இப்படி இருக்காதே என்று அவளுக்குத் தோன்றியது.

"தாத்தா, படகுல எப்படி நிப்பீங்க?"

"தண்ணி தூக்கும், முட்டிய குடுக்கணும். தண்ணி எறங்கும், முட்டிய வாங்கிக்கணும். தூணு மாதிரி வெறச்சிகினு நின்னா தூக்கிக் கடாசிரும். அம்பது வருசமா ஆடிகினே நின்ன ஒடம்பும்மா. திடீர்னு ஆடாதன்னா அதுக்கு இன்னா புரியும்?"

நவ்ரீன் சிரித்துவிட்டாள். "அப்ப நான்தான் தப்பு. வாங்க, தண்ணியே தரேன்."

உத்தரத்திலிருந்து தொங்கின வாரை மாரிலும் இடுப்பிலும் கட்டினாள். கண்ணை மூடுகிற பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டினாள். சுவர் போனது. நாற்காலி போனது. நாலா பக்கமும் தண்ணீர். அப்படி ஒரு நீலத்தை அவர் கழியில் பார்த்ததே இல்லை. சட்டென்று குனிந்தார். விரல் பலகையில் இடித்தது, மெஷின் கீகீ என்று கத்தியது.

"இன்னா தாத்தா தேடறீங்க?"

"தண்ணியத் தொட்டுக் கண்ல ஒத்திக்காம எப்பிடிம்மா ஏறி நிக்கறது?"

அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அவர் பலகையைத் தொட்டு, கண்ணாடிமேல் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

பலகை மெல்ல அசைந்தது. தூக்கியது, கொடுத்தார். இறங்கியது, வாங்கிக்கொண்டார். ஃபேன் சத்தம் காற்றாகி வந்து காதைத் தொட்டது. கீழே ரோட்டில் போன லாரியின் ஹாரன் எங்கேயோ தூரத்துக் கப்பலாகிக் கூவியது. வயசு, மாசி மாதம், டம்ளர், எல்லாம் தண்ணீருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. வலப்பக்கமிருந்து பதினோரு அலை வந்தது. பதினொன்றையும் வாங்கினார். வரலட்சுமி நாற்காலியை விட்டு எழுந்து நின்றதே அவளுக்குத் தெரியாது.

அப்புறம் உலகம் சாய்ந்தது. வார் பிடித்துக்கொள்ள, அந்தரத்தில் தொங்கினார்.

"இன்னா ஆச்சி?"

"இடப்பக்கமிருந்து அலை வந்துச்சு தாத்தா."

"வரலியே."

"வந்துச்சு."

"வரலன்றேன். நீ வேணா இன்னொரு தபா வுடு."

விட்டாள். மறுபடியும் தொங்கினார். மூன்றாவது தடவையும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இடது பாதத்தை வெகுநேரம் பார்த்தார். தண்ணீர் சொன்னதையெல்லாம் ஐம்பது வருஷமாக இரண்டு காலும் கேட்டுக்கொண்டிருந்தன. இப்போது ஒன்றுக்குக் காது போய்விட்டது. ஸ்கேனில் காட்டி டாக்டர் சொன்னபோது புரியாதது, மூன்று தடவை தொங்கினதும் புரிந்தது.

"அந்தக் காலுக்கு யாராச்சும் சொல்ல முடியுமாம்மா?" என்று கேட்டார். குரலில் முறைப்பு இல்லை.

மறுவாரம் நவ்ரீன் ஒரு பெல்ட் கொண்டுவந்தாள். இடது இடுப்பில் தீப்பெட்டி அளவு டப்பா. உடம்பு அந்தப் பக்கம் அளவு மீறிச் சாய்ந்தால் அது கிர்ரென்று அதிரும். கால் கேட்காததை இடுப்பு கேட்கும்.

"குளவிய மடியில கட்டிகினு சுத்தறா மாதிரி கீது," என்றார். ஆனால் கழற்றவில்லை. வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையணைமேல் நின்றார். இடது காலை ஈரச் சாக்கில் வைத்தார், மணலில் வைத்தார், கயிற்றுச் சுருள்மேல் வைத்தார். இது இன்னா, அது இன்னா என்று காலைக் கேட்டார். மத்தியானம் கண் அயர்ந்தால் கட்டிலுக்கடியில் தண்ணீர் ஓடும், இடுப்பில் குளவி பேசும், தூக்கத்திலேயே முட்டி மடங்கும். சித்திரை, வைகாசி போயின. முப்பத்தொன்று. நாற்பது. ஐம்பத்திரண்டு.

ஆனியில் கடைசிச் சோதனை. ஐம்பத்தேழு. இன்னொரு தரம், ஐம்பத்தைந்து. இன்னொரு தரம், ஐம்பத்தேழு.

நவ்ரீன் ஏதோ நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தாள். அவர் கோலை எடுத்துக்கொண்டார். "வாமே, பஸ்ஸு போயிரும்."

வரலட்சுமி எழவில்லை. "பாப்பா, அந்த மூணு எங்க போச்சி?"

"இடப்பக்கத்து அலை வேகமா வந்தா, பெல்ட் சொல்றதுக்குக் கொஞ்சம் லேட் ஆயிடுதும்மா."

"அல வர்றது கண்ணுக்குத் தெரியுமில்ல?"

"முன்னாடியே தெரியுமே."

"அப்ப இடப்பக்கம் நான் ஒக்காந்துக்கறேன்."

நீலமேகம் திரும்பினார். "படகுல நீயா? ஆம்பளைங்க இன்னா பேசுவானுங்க?"

"பேசட்டும். நாப்பது வருசம் அதே கழியில மாரளவு தண்ணியில நின்னு கையால எறா தடவிப் புடிச்சவ நானு. நீ மேல நின்ன, நான் உள்ள நின்னேன். எனக்குத் தெரியாத தண்ணியா?"

நவ்ரீன் டாக்டரிடம் கேட்டுவந்து, மிதவைச் சட்டை போட்டால், கழிக்குள் மட்டும், ஆள் துணையோடு, என்று மூன்று கண்டிஷன் போட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை. வரலட்சுமியின் தம்பி ரகுபதி மூங்கிலை ஊன்றிப் படகைத் தள்ளினான். பெல்ட்டு டப்பா நனையாமல் பால் கவரைச் சுற்றி வரலட்சுமியே கட்டிவிட்டிருந்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக, சாம்பல் நிறத்தில், சத்தமே இல்லாமல் கிடந்தது. நீலமேகம் எழுந்து நின்றார்.

"வருது," என்றாள் அவள். முட்டி கொடுத்தது. பிறகுதான் பெல்ட் அதிர்ந்தது.

"ஒன்னவிட இது லேட்டு," என்றார்.

"எல்லாருமே லேட்டுதான். வலய வீசு."

வீசினார். நாலு தரம் வீசினார். வலையில் என்ன வந்தது என்று ரகுபதிதான் பார்த்தான், அவர்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை. ஐந்தாவதுக்கு வலையைத் தோளில் போட்டபோது இடப்பக்கம் தூரத்தில் ஒரு மோட்டார் படகு வேகமாகத் திரும்பியது. உட்காரய்யா என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். யாரும் சொல்லாமல், வலையை மடியில் வைத்துக்கொண்டு. அலை வந்தது, படகைத் தூக்கி இறக்கிவிட்டு அந்தப் பக்கம் போனது.

"எழுந்திருக்கட்டா?" என்றார்.

வரலட்சுமி இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "இரு. பின்னாடியே இன்னொண்ணு வந்துகினு கீது."