ஒரு பாய் அகலச் சாமை

கல்வராயன் மலை அருவிக்கு நடந்தபோது, கிட்டத்தையும் தூரத்தையும் எடுக்கக்கூடிய ஒரே ஜூம் லென்ஸைத்தான் கொண்டுபோயிருந்தேன். வழியோரச் சாமைக்கொல்லையில் கதிருக்குள் ஏதோ அசைந்தது. உடனே கேமராவைத் தூக்கி முழுக்க ஜூம் செய்தேன். முட்டைமேல் ஒரு காடை! மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

கொல்லையில் சாமைக்கட்டு கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா, "கிட்டப் போவாதீங்க, பறந்துபூடும்" என்றார்.

ஜூமைக் குறைத்தேன். கொல்லை முழுக்க அறுத்தாகிவிட்டது. காடையைச் சுற்றி மட்டும் ஒரு பாய் அகலத்துக்குச் சாமை நின்றது.

"இத எப்பக்கா அறுப்பீங்க?"

"குஞ்சு பொரிச்சு எறங்கட்டுங்க."

"அதுக்குள்ள மணி கொட்டிடாதா?"

"கொட்டுனா இன்னா? அதுங்களே துன்னுட்டுப் போவட்டும்."

ஜூமைக் குறைத்து எடுத்த இரண்டாவது படம்தான் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் காடை தெரியாது. வருகிறவர்கள், "நடுவுல மட்டும் ஏன் அறுக்கல?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் மாட்டியிருக்கிறேன்.